நாச்சம்மாள் மேய்ந்த கூரை

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்துத் தோட்டங்களில், நாச்சம்மாள் வீட்டுக்கு வழி கேட்டால் "எந்த நாச்சம்மா?" என்பார்கள். "கூரை ஏறுனவ" என்றால் போதும், கை தானாக நீளும். சிலர் சிரித்துக்கொண்டு காட்டுவார்கள், சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு. நாச்சம்மாள் இரண்டு சாராரையும் ஒரே தட்டில்தான் வைத்திருந்தாள்.

மாநிலம் பிரிந்து பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்த அடுத்த கோடையில் அது நடந்தது. அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா குப்பண்ணன், மழைக்கு முன்னால் புது ஓலை போடுவதற்காகப் பழைய கூரையைப் பிரித்துத் தள்ளியிருந்தார். மறுநாளே ஏர்மாடு உதைத்து அவருடைய முழங்கால் விட்டுப்போயிற்று. வைகாசி பிறந்துவிட்டது. வீடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

கூரை மேயும் ஆட்கள் எல்லாரும் அவளுடைய பெரியப்பா ஆறுச்சாமியின் காட்டில் கூலிக்குப் போகிறவர்கள். அவர் அவர்களிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "என்ற தம்பிக்கு இனி எதுக்குத் தனி ஊடு? என்ற ஊட்டுலயே வந்து இருக்கட்டும்." அதன் பிறகு ஒருவரும் இந்தப் பக்கம் வரவில்லை.

ஊர் இதைப் பெரிய மனசு என்றது. நாச்சம்மாளுக்கு அந்த மனசு தெரியும். கிணறு வற்றிய வருடம் ஒரு கோடை முழுக்க அவர்கள் அங்கே இருந்தார்கள். அம்மா சுப்பாத்தாள் அந்த வீட்டு ஆட்டுரலை விட்டு எழவே இல்லை. எல்லாரும் உண்ட பிறகு சட்டியில் ஒட்டியதை வழித்து, அடுப்படி வாசலில் உட்கார்ந்து தின்றாள். அப்பா தன் சொந்த அண்ணன் எதிரே பண்ணையாள் மாதிரி நின்றார். ஒரு கோடைக்கே அப்படி என்றால், ஆயுசுக்கும்?

"நானே மேயறேன்," என்றாள் நாச்சம்மாள்.

"பொம்பளப் புள்ள கூரை ஏறினா ஊடு வெளங்காதுன்னு சொல்லுவாங்க கண்ணு," என்றாள் அம்மா.

"இப்ப மட்டும் என்ன வெளங்குது? அண்ணாந்து பாரும்மா, பருந்து தெரியுது."

அப்பா கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தடுக்கவில்லை. எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

சொல்லத்தான் வேண்டுமா என்று அவள் நினைத்தாள். வருடா வருடம் பார்த்த வேலை. அப்பா கூரை மேலிருந்து நார் கோத்த மூங்கில் ஊசியை ஓலைக்குள் குத்தி இறக்குவார். வீட்டுக்குள் நிற்கும் அவள் அதை வாங்கி, ஓலையைத் தாங்கும் மூங்கில் வரிச்சைச் சுற்றி மறுபடி மேலே குத்தி விடுவாள். ஓலை எப்படிப் படிந்திருக்கும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். இப்போது அம்மாவை உள்ளே நிறுத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மேலே ஏறினாள். வண்டித்தடத்தில் போனவர்கள் மாட்டை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள்.

"ஏனுங் அம்மிணி, அப்படியே பனையும் ஏறுவீங்களா?" என்றான் ஒருவன்.

"நீங்க ஏற மாட்டீங்கன்னா சொல்லுங்க, ஏறறேன்."

கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்தில் தொடங்கி முகடு வரைக்கும் மேய்ந்து முடித்தாள். தரையில் நின்று பார்த்தால் கூரை கூரையாகத்தான் இருந்தது. அன்று மாலையே ஒரு கோடை மழை வந்தது. வெளியே பெய்ததைவிட உள்ளே அதிகம் பெய்தது. அடுப்பு அணைந்தது, அப்பாவின் கட்டில் நனைந்தது. சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அந்த முதுகில் தண்ணீர் வழிவதை அவள் பார்த்தாள். அவர் அசையவே இல்லை.

விஷயம் ஆறுச்சாமிக்கு எட்டியது. "ஆட்டம் முடிஞ்சுதா? நாளைக்கு வண்டி அனுப்பறேன், சாமானைக் கட்டி வைங்க," என்று சொல்லியனுப்பினார்.

விடிந்ததும் நாச்சம்மாள் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அது போன வருடம் அப்பா மேய்ந்தது, ஒரு சொட்டு ஒழுகவில்லை. முதலில் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தாள். தான் மேலே போட்டதைப் போலவே இருந்தது. பிறகு ஏணி வைத்து வெளியே ஏறிப் பார்த்தாள். அங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. உள்ளிருந்து பார்க்கும்போது கீழ் ஓலை மேல் ஓலையை மறைத்துக்கொண்டு நிற்கும். வெளியே மேல் ஓலைதான் கீழ் ஓலையின் மேல் படிந்திருந்தது. அவளோ உள்ளே பார்த்த கோலத்தை அப்படியே வெளியே போட்டிருந்தாள். மேல் வரிசையின் நுனியைக் கீழ் வரிசைக்கு அடியில் செருகிச் செருகி, மழைக்கு வாசல் திறந்து வைத்திருந்தாள்.

இத்தனை வருடம் தான் பார்த்தது வேலையின் வயிற்றைத்தானா? பொம்பளப் பிள்ளையை உள்ளேயே நிறுத்தி வைத்தால் வேறு எதைப் பார்ப்பாள்? அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே போய், போட்ட ஓலை முழுவதையும் பிரித்து, மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படியும்படி மறுபடி மேயத் தொடங்கினாள்.

பொழுது சாயும் நேரத்தில் வண்டி வந்தது. கூடவே ஆறுச்சாமியும் வந்தார். நாச்சம்மாள் அப்போது முகட்டில் உட்கார்ந்திருந்தாள். கை முழுக்கப் பனங்கருக்கு கிழித்த கீறல்.

"எறங்கறயா இல்லியா? மானம் போகுது!"

"யாரு மானமுங்க பெரியப்பா?"

"வாயப் பாரு! சுப்பாத்தா, சாமானை ஏத்து வண்டியில."

உள்ளேயிருந்து சுப்பாத்தாளின் குரல் வந்தது. "கையில ஊசி இருக்குதுங்க மாமா. ஒரு முடிச்சுப் பாக்கி."

அந்த முடிச்சு விழுந்து நாச்சம்மாள் ஏணியில் இறங்கவும், தென்மலைப் பக்கமிருந்து மழை இரைந்துகொண்டு வந்தது. மாடுகள் மிரண்டன. ஆறுச்சாமி முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றார். மாட்டுக் கொட்டகையை விட்டால் பக்கத்தில் வேறு கூரை இல்லை. தம்பி வீட்டு வாசலைப் பார்த்தார், நகரவில்லை.

"அண்ணா, உள்ள வாங்க," என்றார் குப்பண்ணன். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து வாசலைப் பார்த்துச் சொன்னார். "எதுக்கு நனையறீங்க? நம்மூடுதான், வாங்க."

ஆறுச்சாமி குனிந்து உள்ளே வந்தார். உட்காரும் முன்பே தலை தூக்கி முகட்டை அங்குலம் அங்குலமாகத் தேடினார். அடுப்புக்கு மேலே ஓரிடத்தில் ஒரு சொட்டு திரண்டு விழுந்தது.

"ஒழுகுது பாரு," என்றார், கொஞ்சம் சந்தோஷமாகவே.

நாச்சம்மாள் அதற்கு நேர் கீழே ஒரு சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"ஒரு எடந்தானுங்க. மழை உட்டதும் ஏறி அடைச்சுப் போடறேன்."