டீயும் சாப்பாடுதான்

எனக்குத் தன்னம்பிக்கை கொஞ்சம் அதிகம் என்று அம்மா சொல்வார். திமிர் என்பதைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்கிறார். ஒரகடத்தில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருந்த நான், வேலையை விட்டு ஸ்கேன் டெக்னீஷியன் டிப்ளமோவில் சேர்ந்தேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாயே என்று திட்டியவரும் அவர்தான்.

படிப்பு எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. நாளெல்லாம் லென்ஸுக்கு அடியில் கீறல் தேடிப் பழகிய கண் இது. ஸ்கிரீனில் தெரியும் சாம்பல் குழப்பத்தில் கல்லீரல் எது, சிறுநீரகம் எது என்று சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கைதான் கொஞ்சம் தகராறு. வயிற்றில் வைத்துப் படம் எடுக்கும் புரோப்பை, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி அழுத்துகிறாய் என்று பயிற்சி கொடுத்த டாக்டர் மேடம் கடைசிவரை கேலி செய்தார்.

செய்முறைத் தேர்வுக்குத் தேர்வாளராக வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நிஜ நோயாளியை வைத்து, பித்தப்பையைக் காட்ட வேண்டும். தோற்றால் நான் மறுபடி கம்பெனி லைனுக்குத்தான் போக வேண்டும். "நான் அப்பவே சொன்னேன்" என்று அம்மா ஆரம்பிப்பதையும் கேட்க வேண்டும்.

எனக்கு வந்தவர் வடக்குப்பட்டுக்காரர், ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். வலது வயிற்றில் விட்டு விட்டு வலிக்கிறதாம். ஜெல் தடவிப் பார்த்தேன். கல்லீரல் பளிச்சென்று தெரிந்தது. பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் சுருங்கிப்போன ஏதோ ஒன்று. மூச்சைப் பிடிக்கச் சொன்னேன், இடது பக்கம் திரும்பச் சொன்னேன், பயனில்லை. பக்கத்தில், நிறைந்த பித்தப்பை மாதிரியே கறுப்பாக, உருண்டையாக ஒன்று அழகாகத் தெரிந்தது. அதை அப்படியே நிறுத்தி, இதுதான் பித்தப்பை என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. கையை அசைக்காமல் பார்த்தேன். அது நெளிந்தது. பித்தப்பை அப்படி நெளியாது. அது குடல்.

லைனில் சந்தேகமான பீஸ் வந்தால் ஹோல்ட் ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாக வைப்போம். டார்கெட் போச்சே என்று சூப்பர்வைசர் கத்துவார். கத்தட்டும்.

சாப்பிட்டீர்களா என்று அவரிடம் கேட்டேன். ராத்திரியிலிருந்து பட்டினி என்றார். டீ குடித்தீர்களா என்று தனியாகக் கேட்டேன்.

"ஷிஃப்ட் வுட்டதும் கேட்டாண்ட ஒரு டீ குடிச்சேன். அது இன்னா சாப்பாடா சிஸ்டர்?"

எங்கள் பக்கத்தில் யாரும் டீயைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நானும் சேர்த்ததில்லை. ஆனால் பாலில் உள்ள கொழுப்புக்குப் பித்தப்பை சுருங்கிவிடும். சின்னக் கல் இருந்தால் தெரியாமல் போகலாம்.

"அப்போ இன்னைக்கு எனக்கு எதைக் காட்டப் போறீங்க?" என்று கேட்டார் தேர்வாளர் மேடம்.

"காட்ட முடியாது மேடம். சுருங்கியிருக்கு. பக்கத்துல தெரியுறது குடல். நாளைக்கு டீ கூடக் குடிக்காம வரச் சொல்லணும்."

அவர் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு நாளா என்று நோயாளி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

மறுநாள் வெறும் வயிற்றோடு வந்தார். எங்கள் டாக்டர் மேடம் பக்கத்தில் நிற்க, நானே புரோப்பை வைத்தேன். பித்தப்பை நிறைந்திருந்தது. உள்ளே ஒரு கல். அவரைத் திரும்பிப் படுக்கச் சொன்னதும் அதுவும் உருண்டது. மேடம் பார்த்து உறுதி செய்தார், மேற்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு விளக்கினார். எல்லாம் கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

"நேத்தே ஒண்ணுமில்லன்னு சொல்லியிருந்தா, நம்பிக்கினு வூட்டுக்குப் போயிருப்பேன் சிஸ்டர்."

தேர்வு முடிவு வர இன்னும் நாள் இருந்தது. பாஸ் ஆகிவிட்டேன் என்று அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.