தங்கை எடுத்த பால்குடம்

தங்கைக்கு அம்மை போட்டிருந்தபோது, பிழைத்து எழுந்தால் பங்குனியில் அவளே பால்குடம் எடுப்பாள் என்று அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். எழுந்தாள். ஆனால் கன்னம், நெற்றி, மூக்கு நுனி என்று எங்கும் தழும்பு.

"ஆத்தா போட்ட முத்துடி" என்று அம்மா கொஞ்சினாள்.

"போனுல பாக்குறவுககிட்ட ஆத்தாளையே வந்து சொல்லச் சொல்லு" என்றாள் தங்கை.

அதன்பிறகு போனில் இருந்தவளுக்குத் தழும்பே கிடையாது. ஃபில்டர் வழித்துத் துடைத்திருக்கும். வீட்டில் இருந்தவள் கல்லூரிக்குப் போவதை நிறுத்தினாள். காலிங் பெல் அடித்தால் அறைக்குள் ஓடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கத்தியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். தோல் டாக்டரிடம் ஒருமுறை வந்தாள், அதோடு சரி.

திருவிழாவன்று தெருவில் நடந்துவிட்டால் பழைய பிள்ளையாகிவிடுவாள் என்று அம்மா நம்பினாள். நானும்தான். மஞ்சள் சேலை கட்டி, குடத்தில் வேப்பிலை சுற்றி, வாசல்வரை வந்துவிட்டாள். தெருவில் எல்லார் கையிலும் போன். அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள். விரதக் காப்பு அவள் கையில் இருந்தது. நேர்ந்ததை விடமுடியாதே என்று, காப்பில்லாத நான் குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டேன். கோயில்வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன். மந்திரம் சொல்கிறேன் என்று பக்கத்தில் வந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

ஈரச் சேலையோடு திரும்பியபோது எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒங்க சின்னவ பால்குடம் எடுத்த போட்டோவப் பாத்தேன். மொகம் பளிச்சின்னு தெளிஞ்சிருச்சே! நல்லா மனசார வேண்டியிருக்கீக."

"ஆமா" என்றாள் அம்மா. வேறென்ன சொல்வாள், பாவம்.

அறைந்துவிடுகிற கோபத்தில்தான் உள்ளே போனேன். மஞ்சள் சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குழாய்த் தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் குடம், அதற்கும் வேப்பிலை. போனில் வாழ்த்து வந்துகொண்டே இருந்தது. என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

"எல்லாரும் தழும்பு போயிருச்சுன்னு நெனச்சுட்டாகக்கா. இனிமே நான் எப்புடி வெளிய வர்றது?"

 

சின்னவள் வாசலைத் தாண்டினால் போதும் என்று இந்த வருஷம் அம்மா புதிதாக வேண்டிக்கொண்டாள். நான்தான் காப்புக் கட்டிக் குடம் எடுத்தேன்.