ரங்கம்மாவே சுவிட்சைப் போட்டார்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டை ஒட்டிய லாரி ஆபீசில் என் புரோகிராம் ஓட மறுத்தது. எண்பதுகளின் கடைசி அது. கணவர் இறந்தபின் லாரிகளைத் தனியாக நடத்திவந்த ரங்கம்மா, துணிந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். எந்த லாரி எந்த ஊருக்கு எத்தனை கூடை ஏற்றிப் போனது என்று காட்டும் புரோகிராமை நான் எழுதியிருந்தேன். தர்மபுரியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் அது நன்றாக ஓடியது. இங்கே ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, பெயரை அடித்தால், அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்பதுபோல "Bad command or file name" என்றே வந்தது.

என் முதலாளி பாஷா பாய்க்கு வேர்த்துவிட்டது. இந்த ஆர்டர் போனால் சென்டரை மூடிவிட்டு, பழையபடி டைப்ரைட்டிங் கிளாஸ்தான் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தார்.

"என்னம்மா சரசு, பிளாப்பி கெட்டுப்போச்சா?"

"பிளாப்பி நல்லாத்தான் இருக்குதுங்க பாய்."

மெஷினுக்குள் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறது என்று காட்டும் SET கட்டளையை அடித்துப் பார்த்தேன். சென்டர் மெஷினில் PATH வரியில், புரோகிராம் இருக்கும் எங்கள் டைரக்டரியின் பெயர் இருக்கும். இங்கே இல்லை. புரோகிராமை எங்கே தேடுவது என்று இந்த மெஷினுக்கு யாரும் சொல்லவில்லை. அந்தப் பெயரோடு PATH வரியைத் திரையில் அடித்துவிட்டு, புரோகிராமை மறுபடி கூப்பிட்டேன். லாரிப் பட்டியல் திரையில் வந்தது. பாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திரும்பி வந்ததும் மறுபடி அதே எர்ரர். நான் அடித்த வரி கரண்ட்டோடு போய்விட்டிருந்தது.

"ஏம்மா, இங்க தெனமும் கரண்ட் போவுது. ஒவ்வொரு வாட்டியும் உன்னைத் தர்மபுரியில இருந்து கூட்டியாரணுமா?" என்றார் ரங்கம்மா.

எனக்குக் காது சூடாகிவிட்டது. மெஷின் ஆனாகும்போதெல்லாம் தானே படிக்கும் AUTOEXEC.BAT ஃபைலில் அந்த வரியை எழுதினேன். "இப்ப வருமுங்க" என்று சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன்.

"நீ கைய வெக்காத கண்ணு. தள்ளி நில்லு. நீ போனப்புறம் நான்தானே இதோட மல்லுக்கட்டணும்?"

அவரே ஆஃப் செய்தார். அவரே போட்டார். LORRY என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினார். பட்டியல் வந்தது.

"அட, வந்துட்டுதே!" என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. பாய் டீ சொல்ல வெளியே ஓடினார். சென்டர் பிழைத்தது.

பிறகு எத்தனையோ ஊர்களில் மெஷின் அமைத்துக் கொடுத்தேன். "ஓடுது" என்று நான் சொன்னதே இல்லை. ஆஃப் செய்துவிட்டு எழுந்துகொள்வேன். அதை வைத்து வேலை செய்யப்போகிறவரை உட்காரச் சொல்வேன். அவர் விரல் முதல் எழுத்தைத் தேடும் நேரம், நான் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பேன்.