கம்ப்யூட்டர் வீட்டில் சக்கர நாற்காலி

கல் வைப்பதற்கு முன்பே வீட்டுக்குள் ஆளை நடக்கவிட்டுக் காட்டும் தொழில் நம்முடையது. செங்கல் சுமந்தால்கூட முதுகு இவ்வளவு வலிக்காது. வில்லியனூரில் ஒரு இன்ஜினீயர் சார் ஆபீசில் கம்ப்யூட்டரில் வீடு வரைகிறேன். வயசு பத்தொன்பது, வாயில் பத்துப் பேர் குரலும் அச்சாக வரும். பாகூர் மேரி அக்கா வீட்டுக் கதையைக் கேளுங்கள், சக பாவிகளே.

நாயோடு வந்தவள்

கரும்பு லாரியிலிருந்து விழுந்த பிறகு அக்காவின் புருஷன் அந்தோணி அண்ணனுக்குச் சக்கர நாற்காலிதான். "யாரும் தூக்காம அவரே வூடு பூரா சுத்தி வரணும்பா." அக்கா கேட்டது அது ஒன்றுதான். வாசலில் சாய்தளம் வரைந்தேன். அழகுக்கு, சாப்ட்வேர் சும்மா தருகிற மரம், கார், நாய் பிடித்து நடக்கும் வெள்ளைக்காரி எல்லாம் வைத்துத் திரையைத் திருப்பினேன். அக்கா சாய்தளத்தைப் பார்க்கவே இல்லை.

"யாருடா இவ? எங்க வூட்டு வாசல்ல இவளுக்கு இன்னா வேலை?"

ஓரம் போடி

வீடு பாதி எழும்பியிருந்தது. ஒருநாள் பொழுது போகாமல், திரையிலிருந்த வீட்டுக்குள் ஒரு சக்கர நாற்காலியை விட்டு அண்ணன் குரலில் ஓட்டினேன். "ஏய் மேரி, ஓரம் போடி, ஹாரன் அடிக்கிறன்ல!" ஹாலில் ஒரு வட்டம், சமையலறையில் ஒரு வட்டம். கக்கூஸ் வாசலில் சிக்கிக்கொண்டது. எல்லா வீட்டுக்கும் போடுகிற கதவு அளவு இதிலும் அப்படியே வந்திருந்தது! சைட்டில் அன்றைக்குத்தான் அந்த வாசலுக்குக் கதவு நிலை வைக்கிறார்கள். சிரிப்பு நின்றுபோய் மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

"பொம்மை நாற்காலி இடிச்சிச்சின்னு வேலைய நிறுத்துவாங்களாடா? சார் சொல்லட்டும்."

இருமல்

சார் மீட்டிங்கில், போன் ஆஃப். ஆபீஸ் போனை எடுத்து, சார் குரலை இருமலோடு வரவழைத்தேன். "மேஸ்திரி, க்கும், அந்த நிலைய, க்கும், வைக்காத, நான் வரேன்." வாட்சாப்பில் குரல் பறந்தது, வேலை நின்றது. சார் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவரே மவுசைப் பிடித்து நாற்காலியை ஓட்டினார். அவருக்கும் இடித்தது. வாசலை அகலப்படுத்தச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன்.

"குரல் சரியாத்தான் இருக்கு. இருமல மட்டும் எடுத்துடு, எனக்கு எப்பவோ சரியாயிடுச்சி."

தாழ்ப்பாள்

குடிபுகும் நாளில் ஃபாதர் ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போனதும் அண்ணன் தானே சக்கரத்தைத் தள்ளிப் புறப்பட்டார். ஹால், சமையலறை, அப்புறம் கக்கூஸ். நாற்காலி உரசாமல் உள்ளே போனது. கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பழக்கத்தில் துண்டோடு வாசலில் நின்ற அக்காவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்க இன்னாடி நிக்கிற? போ, நானே வந்துக்கிறேன்."

ஜன்னலைப் பத்து தடவை இடம் மாற்றச் சொல்லி நம் உயிரை எடுக்கும் வாடிக்கையாளர்களே, அந்தத் தாழ்ப்பாள் சத்தத்துக்காக உங்கள் எல்லாரையும் மன்னித்தேன், பதினோராவது தடவையும் மாற்றித் தருகிறேன்.