கோடு போட்ட வண்டும் புள்ளி வைத்த வண்டும்

இன்று காலை பிலோமினா அக்கா கையில் மறுபடி இன்ஹேலர்.

விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குக் கீழ் போர்ஷன் அவருடையது. பக்கத்துக் காலி சைட் முழுக்கப் பார்த்தீனியக் களை. மழையில் அது பூத்தால் அக்காவுக்கு மூச்சு இழுக்கும். வருஷா வருஷம் இதே கதை.

இந்த வருஷம் மட்டும் தப்பித்திருந்தார்.

"என்னமோ சுமதி, இந்த வாட்டி நெஞ்சு லேசா இருக்கு. குழந்தை இயேசு கண் திறந்துட்டாரு."

(நான் அக்காவின் புது டாக்டருக்கு கிரெடிட் கொடுத்தேன்.)

எங்கள் இரண்டு பேர் கணக்கும் தப்பு.

போன மாதம் என் மொட்டைமாடிக் கத்திரி இலையெல்லாம் சல்லடை. ஆரஞ்சு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த வண்டு. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சைட்டிலும் அதே கோலம், பார்த்தீனியத்தில் தண்டுதான் மிச்சம்.

ஓஹோ, அங்கிருந்துதான் ஏறி வருகிறது!

மருந்து அடிக்க வந்தவர் கேட்டார், "மாடி மட்டும் போதுமா மேடம்?"

"அந்த சைட்டையும் சேத்து அடிச்சிடுங்க."

மறுநாள் சுவரோரம் செத்துக் கிடந்த வண்டுகளை போட்டோ வேறு எடுத்தேன் (போர் வெற்றி இல்லையா).

கத்திரி பிழைத்தது. சைட்டில் பார்த்தீனியமும் பிழைத்தது. இப்போது இடுப்பு உயரம், வெள்ளை வெள்ளையாய்ப் பூ.

அக்காவின் இன்ஹேலரைப் பார்த்த பிறகுதான் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாதி வண்டுக்குப் புள்ளியே இல்லை. வெண்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடு. தோட்டக் குரூப்பில் போட்டேன். ஒருவர் எழுதினார்:

"புள்ளி வெச்சது நம்ம ஊர் வண்டு மேடம், கத்திரிக்கு எமன். கோடு போட்டது மெக்சிகோ வண்டு. பார்த்தீனியத்த திங்கட்டும்னே கொண்டு வந்து விட்டது. உங்க கத்திரிய மோந்துகூட பாக்காது. எங்க கெடச்சுது?"



இரண்டும் ஏறக்குறைய ஒரே சைஸ். இரண்டுக்கும் இலைதான் சாப்பாடு. எந்த இலை என்று நான் இறங்கிப் போய்ப் பார்க்கவில்லை.

கீழே போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்:

"கத்திரிக்காய்க்காடி? ...சரி விடு. அந்த வண்டு இனி வருமா?"

"தெரியலக்கா."

அதனால்தான் இந்தப் பதிவு. நம் ஊரில் பீன்யாவோ பிரேசர் டவுனோ, உங்கள் பக்கத்துக் காலி சைட்டில் பார்த்தீனியத்தின் மேல் கோடு போட்ட வண்டு இருக்கிறதா? மருந்து அடிக்காதீர்கள். எனக்குச் சொல்லுங்கள்.

மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு நானே வருகிறேன்.