இரண்டு பத்திகளுக்கு நடுவே ஒரு விரல்

சுதேசித் தொழில்நுட்பமும் பொருத்தமான தொழில்நுட்பமும் ஒன்றுதான் என்று ஐம்பது வயது வரை நம்பியிருந்தேன். இரண்டுக்கும் கரண்ட் வேண்டாம், இரண்டையும் கண்காட்சியில் வைப்பார்கள், இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு மண்பானை இருக்கும். என் ஞானம் அவ்வளவுதான். அது தப்பு என்று சொன்னவள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள்.

"ஏனுங்கப்பா, ஒரு வேலை செய்யற முறை நம்ம ஆளுங்ககிட்டயே உருவானதாங்கறது ஒரு கேள்வி. அது இங்க இருக்கறவங்க கைக்கும் வசதிக்கும் தோதுப்படுதாங்கறது வேற கேள்வி. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க."

நான் எம்.ஏ. பொருளாதாரம். இருபது நிமிடம் மறுத்துப் பேசினேன். மகள் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுடைய புராஜெக்ட்டின் தலைப்பே பொருத்தமான தொழில்நுட்பம். சுதேசியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்று ஓர் அத்தியாயமும் எழுத வேண்டும். கூடவே ஒரு கருவியும் செய்ய வேண்டும். கல்லூரிப் பட்டறையில் இரும்பு கடைகிற லேத் இருக்கிறது. லேத் சுற்றும். சுற்றுகிற எதன் பக்கத்திலும் அவளை விட எனக்கு மனசு வராது. அதனால் நானே சொன்னேன்: "நம்ம யூனிட்லயே வச்சுப் பண்ணு கண்ணு. என் கண்ணு முன்னால இருக்கும்."

என் கண் முன்னால்தான் நடந்தது.

அருள்புரத்தில் எங்களுக்குப் பத்து மெஷின் ஓடும் சின்னத் தையல் யூனிட் ஒன்று இருக்கிறது. தையல் நூல் சுற்றி வரும் கோன்களின் அடியில் மிஞ்சுகிறதையெல்லாம் திரும்பச் சுற்றி எடுக்க, காலால் மிதிக்கும் ஒரு சுற்று இயந்திரம் செய்தாள். சைக்கிள் பெடல், இரும்புத் தண்டு, அதன் மேல் ஒரு மரக்கட்டை. பார்க்க அழகாகவே இருந்தது. துணி ஓரம் அடிக்கும் எங்கள் ஓவர்லாக் டெய்லரம்மா அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எங்களிடம் ஏழு வருடமாகத் தைக்கிறார்.

"நல்லாத்தான் இருக்கு பாப்பா. ஆனா நாள் முச்சூடும் மெஷின மிதிச்சிட்டு, பெறவு இதையும் மிதிக்கணுமா?"

சொல்லிவிட்டுத் தன் மெஷினின் கைச்சக்கரத்தில் துணித்துண்டு சுற்றிய காலிக் கோனை அழுத்திச் செருகி, பெடலை லேசாகத் தொட்டார். மூன்று கோன்களின் அடிநூல் ஒரு நிமிடத்தில் ஒன்றாகிவிட்டது. மகள் நோட்டை எடுத்து நடுவே கோடு போட்டாள். ஒரு பத்தியில் தன்னுடையதை எழுதினாள், 'பொருத்தமானது' என்று. அடுத்த பத்தியில் டெய்லரம்மா செய்ததை, 'சுதேசி' என்று.

"மெஷின் ஜப்பான்ல இருந்து வந்ததாச்சே. அது எப்படி சுதேசி?" என்றேன்.

"மெஷின் ஜப்பானுங்கப்பா. அதுல கோனைச் செருகற புத்தி அருள்புரம்."

"அப்ப உன்னோடது பொருத்தமானதுன்னு யாரு சொன்னா?"

"நான்தான்" என்றாள். கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம், தண்டில் மாட்டுகிற இரும்பு வளையத்தை வெளியே ஒரு பட்டறையில் கடையக் கொடுத்து வாங்கி யூனிட்டுக்குக் கொண்டு வந்திருந்தாள். உள்ளே பிசிறு இருக்கிறதா என்று பார்க்க ஆள்காட்டி விரலை விட்டுத் தடவினாள். பட்டறைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்களாம். அவர்கள் விரல் தடி, நுனியோடு நின்றுவிடும். இவள் விரல் மெலிசு. மூட்டைத் தாண்டிப் போனது. திரும்பி வரவில்லை.

முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு இழுத்தாள். பிறகு நான் இழுத்தேன். இழுக்க இழுக்க மூட்டு வீங்கியது. ஆபீஸ் அறையில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். எங்கள் வீட்டில் எது எதில் மாட்டினாலும் தேங்காய் எண்ணெய்தான். வளையம் பளபளவென்று ஆனது. நகரவில்லை. சோப்பு போட்டோம். டீக்கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து வைத்தோம். விரல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தேங்காண்ணெ சுதேசிப்பா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பொருத்தமில்ல."

கட்டிங் மாஸ்டர் ஓடி வந்தார். சேவூர்க்காரர், நிதானமானவர். அந்த நிதானம் அன்றைக்கு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"இரும்பறுக்கற ஆக்சா பிளேடு இருக்குதுங்க. வளையத்த மட்டும் அறுத்துப்போடலாமுங்க."

"மட்டும்னா?"

"பாப்பா கை ஆடாம இருந்தா மட்டுந்தானுங்க."

துணி வெட்டும்போது தான் போட்டுக்கொள்ளும் இரும்புக் கண்ணிக் கையுறையைக் கழற்றி, பாதுகாப்புக்காக அவள் கையில் மாட்டப் பார்த்தார். வளையத்தோடு அது நுழையவில்லை. நான் கைகூப்பிவிட்டேன்.

"பழனியாண்டவா, விரல் நல்லபடியா வந்துட்டா இவ முடியக் குடுத்தர்றேன்" என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்.

"அப்பா! விரலும் என்னுது, முடியும் என்னுது. வேண்டுதல் மட்டும் உங்களுதா?"

கட்டிங் மாஸ்டர் என் தலையைப் பார்த்தார். "மொதலாளி குடுக்கறதுன்னாலும் பெருசா ஒண்ணும் இல்லீங்களே" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கார்ச் சாவியைத் தேடினேன். பத்து மெஷினும் நின்றிருந்தன. அப்போதுதான் டெய்லரம்மா எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க அந்த ஸ்டூல்ல போயி உக்காருங்க. ஒங்களப் பாத்துத்தான் பாப்பா பயப்படுது."

உட்கார்ந்தேன். மெஷினில் மாட்டியிருந்த ஒரு கோனிலிருந்து நூலை உருவினார். இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் மெத்தென்ற நைலான் நூல். ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் ட்வீசரால் அதன் நுனியை வளையத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் இழுத்து விட்டார். மீதி நூலை வளையத்தை ஒட்டி, இடைவெளி விடாமல், மூட்டைத் தாண்டி நகம் வரைக்கும் இறுக்கிச் சுற்றினார். வீங்கிய விரல் பம்பரம் மாதிரி ஆயிற்று.

"வலிக்குதுக்கா."

"வலிக்கத்தான் செய்யும். ஒங்கய்யாவப் பாக்காத, என்னயப் பாரு."

உள்ளங்கைப் பக்கம் இருந்த நுனியைப் பிடித்து, விரல் நுனியை நோக்கி மெதுவாகப் பிரித்தார். ஒவ்வொரு சுற்றும் அவிழ அவிழ, வளையம் நூலின் மேல் ஒரு நூலிழை தூரம் முன்னால் நகர்ந்தது. மூட்டில் வந்து நின்றது. நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். "உக்காருங்க அண்ணாச்சி" என்றார், திரும்பிப் பார்க்காமல். உட்கார்ந்தேன். வளையம் மூட்டைத் தாண்டி அவர் மடியில் விழுந்தது.

கட்டிங் மாஸ்டர் கை தட்டினார். நான் அழுதேன் என்று பிற்பாடு எல்லோரும் சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

விரல் சிவக்கத் தொடங்கியதும் மகள் கேட்ட முதல் கேள்வி: "இது ஒங்க ஊர்ல பண்றதாக்கா?"

"எங்கூர்லயா? இல்ல. மொதப் பிள்ள உண்டாயிருந்தப்ப எனக்குக் கை வீங்கி, மோதரம் மாட்டிக்கிட்டு. அப்பம் நான் தச்ச கம்பெனில பக்கத்து மெஷின்ல இருந்த ஒரிசாக்காரப் புள்ள இப்பிடித்தான் எடுத்துவிட்டுச்சு. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாவளோ. பாஷை தெரியாது, கேக்கல."

மகள் நோட்டைப் பிரித்தாள். இரண்டு பத்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். நூல் இந்த ஊரில் பிறந்தது இல்லை. வித்தை எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே சுதேசிப் பத்தியில் எழுத முடியாது. மற்ற பத்தியில் எழுதலாம் என்றால், இந்த விரலுக்காக இதை யாரும் யோசித்து வடிவமைக்கவில்லை.

"இதுல என்ன குழப்பம்? விரலு வந்துதல்ல, பொருத்தமானதுல போடு" என்றேன்.

"அப்ப நான் செஞ்சத எதுல போடறதுங்கப்பா?"

நோட்டை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவள் இயந்திரத்தில் குறை ஒன்றும் கிடையாது. யாருக்காகச் செய்தாளோ அவர்களிடம் முதலில் கேட்கவில்லை, அவ்வளவுதான். நானும்தான் கேட்கவில்லை. கல்லூரிப் பட்டறையை விட யூனிட் அவளுக்குப் பாதுகாப்பு என்று நானே முடிவு செய்து, நானே அழைத்து வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அத்தியாயத்தை எழுத லேப்டாப்பை எடுத்தாள். எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

"விரல மடக்கிக் காட்டு கண்ணு."

மடக்கினாள்.

"நீட்டு."

நீட்டினாள்.

"மரமரன்னு இருக்குதா?"

"இல்லீங்கப்பா."

"இன்னொருக்கா மடக்கு."

"அப்பா, இது எட்டாவது தடவை. விரலு மடங்குது, நீளுது, டைப்பும் அடிக்குது. நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா அத்தியாயமும் முடியும்."

நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து பார்த்தாலும் விரல் தெரிந்தது.