தானே புயலுக்கு மறுநாள்: தேவனாம்பட்டினத்திலிருந்து சிதம்பரத்துக்கு

2011 டிசம்பர் முதல் வாரம் நானும் என் மனைவி ரோஸ்லினும் நாகர்கோவிலிலிருந்து கடலூருக்குக் கிளம்பினோம். எங்கள் சபையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தம்பதிகளை மூன்று மாத ஊழியத்துக்கு அனுப்புவார்கள். பனிக்காலம், வெயில் இருக்காது என்று நாங்களாகவே கேட்டு வாங்கிய இடம் தேவனாம்பட்டினம். கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து நாலு கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் பத்து ரூபாய். ரோஸ்லின் நர்சாக இருந்தவள். மீனவக் குடும்பங்களுக்கு பிரஷர் பார்ப்பாள், புண்ணுக்குக் கட்டுப் போடுவாள். நான் மனு எழுதிக் கொடுப்பேன்.

டிசம்பர் 29 சாயங்காலம் ஐந்து மணிக்குப் அடுத்த தெரு அஞ்சலை கதவைத் தட்டினாள்.

"நர்சம்மா, கெளம்புங்க. எல்லாரும் ஸ்கூலுக்குப் போறோம். கடலு போடற சத்தம் சரியில்ல."

"ஜெபம் பண்ணிட்டு இங்கேயே இருக்கோம்மா" என்றேன்.

"அதை அங்க வந்து பண்ணுங்க சார்!" என்று ரோஸ்லினின் கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள். மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். காலையில் திரும்பிவிடலாம் என்ற நினைப்பு.

விடியும் நேரத்தில் காற்று ஜன்னல் கதவுகளைப் பிய்த்தது. அதுபோல ஒரு சத்தத்தை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. பத்து மணிக்கு மேல்தான் வெளியே வர முடிந்தது. நாங்கள் தங்கியிருந்த ஓட்டு வீட்டு அறைக்குப் போய்ப் பார்த்தோம். பின்னால் நின்ற வேப்பமரம் ஓட்டை உடைத்துக்கொண்டு நாங்கள் படுக்கும் கட்டிலின் மேல் கிடந்தது. கட்டிலுக்குக் கீழே ஈரமண் போட்ட பானையில்தான் என் இன்சுலின் குப்பிகளை வைத்திருந்தேன். எல்லாம் தூள்.

கடலூரில் திறந்திருந்த கடை எதிலும் என் மருந்து இல்லை. மறுநாள் காலை எனக்குத் தலை சுற்றி, நாக்கு வறண்டது. அஞ்சலையின் கணவர் ஏழுமலை பைக்கோடு வந்து நின்றார்.

"ஏறுங்க சார். செதம்பரத்துல கெடைக்கும்னு சொல்றாங்க."

சிதம்பரம் 45 கிலோமீட்டர். வழக்கமாக ஒன்றேகால் மணி நேரப் பேருந்துப் பயணம். ஏழரைக்குக் கிளம்பிய நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டேகால். வழியெல்லாம் மின்கம்பங்கள் சாலையில் படுத்துக் கிடந்தன. ஆலப்பாக்கம் தாண்டி ஒரு புளியமரம் குறுக்கே விழுந்திருந்தது. கோடாலியோடு நின்றவர்களிடம் ஏழுமலை, "மச்சான், கொஞ்சம் வழி வுடுங்க, சாருக்கு ஊசி மருந்து வாங்கணும்" என்றார். நாலு பேர் சேர்ந்து பைக்கை மரத்துக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள்.

சிதம்பரம் மேல வீதியில் மூன்றாவது கடையில் மருந்து கிடைத்தது. அங்கேயே ஊசி போட்டுக்கொண்டேன், இரண்டு இட்லி உள்ளே போனதும்தான் கண் தெளிந்தது.

மாலை நாலரைக்குத் திரும்பினோம். "வீட்டுல அஞ்சலைய பாத்துட்டுப் போறேன்" என்றேன். "அப்புறம் வாங்க சார்" என்று ஏழுமலை தயங்கினார். நான் கேட்காமல் நடந்தேன்.

வீட்டில் நாலு சுவர்தான் நின்றது. கூரை இல்லை. அஞ்சலை நனைந்த அரிசியைச் சேலையில் பரப்பிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாகப் பிளந்த அவர்கள் படகு கோயில் சுவரில் சாய்ந்து கிடந்தது.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் ஏழுமலை, காலையிலேயே சொல்லல?"

"சொல்லியிருந்தா வண்டியில ஏறியிருப்பீங்களா சார்?"

ஊழியத்துக்கோ சுற்றிப் பார்க்கவோ மார்கழியில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தினமும் வேண்டிய மருந்தை இரண்டு பங்காக்கி, ஒன்றை எப்போதும் கைப்பையில் வையுங்கள். டார்ச்சும் மெழுகுவத்தியும் அவசியம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கரையில் இருப்பவர்கள் கிளம்பச் சொன்னால் உடனே கிளம்புங்கள்.

பிப்ரவரி கடைசி வரை அங்கேயே இருந்தோம். அதிர்ச்சி இன்னும் போகவில்லை. மரம் விழுந்த கட்டிலைக்கூட மறந்துவிடுவேன். அன்று அந்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, சிதம்பரம் வரைக்கும் என் அறை போய்விட்டதே என்று அவரிடமே புலம்பிக்கொண்டு போனேன். அவரும் "ஆமாம் சார், பாவம் சார்" என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஓட்டினார்.